ஜூக்கோ பள்ளத்தாக்கு போறீங்களா? பெர்மிட் எடுக்குறதுல இருந்து மலை இறங்குற வரைக்கும் முழு வழிகாட்டி

ஜூக்கோ போட்டோல அலை அலையா பச்சையா தெரியுமே, அதுல பெரும்பகுதி புல்லு இல்லைங்க, மூங்கில். குள்ள மூங்கில். சில இடத்துல முழங்கால் அளவு, சில இடத்துல ஆளையே மறைக்கிற உயரம், தூரத்துல இருந்து பார்த்தா யாரோ குன்று குன்றா புல்லு விரிச்சு வச்ச மாதிரி இருக்கும். நடுவுல ஈரமான இடத்துலயும் ஓடை ஓரத்துலயும் நிஜமான புல்லும் பூவும் இருக்கு. இத முதல்லயே ஏன் சொல்றேன்னா, எந்த மாசம் போறது, எந்த டிரெஸ் போடுறது, எதுக்கு தீ மூட்டக்கூடாது, எல்லாத்துக்கும் இந்த மூங்கில்தான் காரணம், போகப் போக புரியும்.

ஜூக்கோ இருக்கிறது நாகாலாந்து, மணிப்பூர் ரெண்டுக்கும் நடுவுல, எல்லையிலயே. உயரம் சுமார் 2,452 மீட்டர். நம்ம ஊட்டி டவுன் 2,240, தொட்டபெட்டா 2,637, ரெண்டுக்கும் நடுவுலன்னு வச்சுக்கோங்க. அதனால லடாக் மாதிரி மூச்சு முட்டும், மாத்திரை போடணும்ங்கிற பயமெல்லாம் வேணாம். வெள்ளியங்கிரி ஏறி இறங்கினவங்களுக்கு இந்த ஏத்தம் பெரிய விஷயமே இல்ல. ஆனா கார்ல போய் வியூ பாயிண்ட்ல இறங்கி பார்க்குற இடமும் கிடையாது, கால்ல நடந்துதான் ஆகணும், அதான் அந்த இடம் இன்னும் அப்படியே இருக்கு.

நான் ரெண்டு தடவை போயிருக்கேன், ஒரு தடவை ஜூன் கடைசில, ஒரு தடவை டிசம்பர்ல. ரெண்டையும் வச்சு ஒரே ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும்னா, கிலோமீட்டரை வச்சு பிளான் போடாதீங்க, வெளிச்சத்தை வச்சு போடுங்க. அப்புறம் மேல ரெண்டு ராத்திரி தங்குங்க. முக்காவாசி பேர் ஒரு ராத்திரி தங்கிட்டு இறங்கிடுறாங்க, அவங்க பார்த்தது பள்ளத்தாக்கோட விளிம்பு மட்டும்தான்.

வெளிச்சம்னா என்னன்னு சொல்லிடுறேன். இந்தியா பூரா ஒரே நேரம், அந்த கணக்கு 82.5 டிகிரி தீர்க்கரேகையை வச்சு. நாகாலாந்து தலைநகர் கோஹிமா இருக்கிறது 94 டிகிரிக்கு மேல. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம், அப்போ சூரியன் அங்க நம்ம கடிகாரத்தை விட முக்கால் மணி நேரம் முன்னாடி ஓடுது. டிசம்பர்ல சாயந்திரம் நாலரைக்குள்ள சூரியன் விழுந்துரும், அஞ்சு மணிக்கு கும்மிருட்டு. ஜூன்ல விடிகாலை நாலரைக்கே பளிச்சுன்னு விடிஞ்சிடும், சாயந்திரம் 6 மணிக்கு முடிஞ்சிரும். சென்னைல உக்காந்து "மதியம் ரெண்டு மணிக்கு ஏற ஆரம்பிச்சா ஆறுக்குள்ள போயிடலாம்"னு போடுற கணக்கு அங்க செல்லாது. நாங்க டிசம்பர்ல அப்படித்தான் மாட்டினோம், அதை கீழ சொல்றேன்.

முதல்ல எந்த மாசம்னு முடிவு பண்ணுங்க

எல்லாமே இதை ஒட்டித்தான். ஒரே இடம்தான், ஆனா மாசத்துக்கு மாசம் வேற வேற ஊருக்கு வந்த மாதிரி இருக்கும்.

ஜூன் நடுவுல இருந்து ஜூலை பாதி வரைக்கும் லில்லி சீசன். ஜூக்கோ லில்லின்னு இளஞ்சிவப்புல ஒரு பூ, தலையை லேசா கவுத்துக்கிட்டு நிக்கும், இந்த பள்ளத்தாக்கோட பேரைத்தான் அதுக்கு வச்சிருக்காங்க. அதோட சேர்ந்து மஞ்சள், ஊதா, வெள்ளைன்னு பேரு தெரியாத குட்டி குட்டி பூ ஓடை ஓரம் பூரா. பச்சையும் அப்பதான் முழுசா இருக்கும். ஆனா இது மழைக்காலம், சும்மா தூறல் இல்ல, நாள் பூரா அடிக்கும். மேகம் பள்ளத்தாக்குக்குள்ள இறங்கி உக்காந்துகிட்டா பத்தடி தள்ளி நிக்கிற ஆள் தெரியாது. நாங்க போன முதல் நாள் மதியத்துல இருந்து ராத்திரி வரைக்கும் எதுவுமே பார்க்கல, வெறும் வெள்ளை. மறுநாள் காலைல அஞ்சு மணிக்கு மேகம் கிழிஞ்சு ஒரு மணி நேரம் மொத்த பள்ளத்தாக்கும் தெரிஞ்சுது பாருங்க, கூட வந்தவங்கள்ல ஒருத்தர் அழுதே விட்டார். ஒரு ராத்திரி மட்டும் தங்குற பிளான் போட்டிருந்தா அந்த நேரத்துல மூட்டையை கட்டிக்கிட்டு இருந்திருப்போம். ரெண்டு ராத்திரின்னு நான் பிடிவாதமா சொல்றதுக்கு காரணம் அதுதான்.

அக்டோபர், நவம்பர் மழை விட்ட பிறகு. வானம் கழுவி விட்ட மாதிரி, ராத்திரி நட்சத்திரம், நடக்குறதுக்கு பாதை காஞ்சு இருக்கும். பூ குறைவு. பச்சை மெல்ல மெல்ல பழுப்பாகும். முதல் தடவை போறவங்க, குழந்தைகளோட போறவங்க, முழங்கால் கொஞ்சம் தகராறு பண்றவங்க எல்லாரும் இந்த ரெண்டு மாசத்தை எடுத்துக்கோங்க, என்னோட சாய்ஸும் இதுதான்.

டிசம்பர், ஜனவரில ராத்திரி பூஜ்ஜியத்துக்கு கீழ போகும். காலைல மூங்கில் இலை மேல பூரா உறைபனி படிஞ்சு வெள்ளையா நிக்கும், ஓடைத் தண்ணி மேல ஐஸ் படலம். டிசம்பர் 1 முதல் 10 வரை கோஹிமா பக்கத்துல கிசாமால ஹார்ன்பில் திருவிழா நடக்கும், அதோட சேர்த்து நிறைய பேர் ஜூக்கோவும் போடுவாங்க. நல்ல ஐடியாதான், ஆனா அந்த பத்து நாள் கோஹிமால ரூம், வண்டி எல்லாமே டைட், மேல தங்குற இடத்துலயும் கூட்டம். மாசக்கணக்குல முன்னாடியே புக் பண்ண முடிஞ்சா போங்க, இல்லைன்னா திருவிழா முடிஞ்ச அடுத்த வாரம் போங்க.

ஏப்ரல், மே ரோடோடெண்ட்ரான் பூக்குற நேரம். பக்கத்துல ஜாப்ஃபு சிகரம், 3,048 மீட்டர், அந்தப் பக்கம்தான் உலகத்துலயே உயரமான ரோடோடெண்ட்ரான் மரம்னு கின்னஸ்ல பதிவான மரம் இருக்கு. நம்ம நீலகிரிலயும் இந்த சிவப்பு பூவை பார்த்திருப்பீங்க, அதே குடும்பம்தான்.

பெர்மிட் இல்லாம கிளம்பாதீங்க

நாகாலாந்துக்குள்ள போக வெளி மாநிலத்து ஆளுங்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் வேணும், சுருக்கமா ஐஎல்பி. 1873ல வெள்ளைக்காரன் போட்ட வங்காள கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறை சட்டத்துல இருந்து வர்ற விஷயம் இது, நிலமும் வாழ்க்கையும் உள்ளூர் ஆளுங்க கையை விட்டு போகக்கூடாதுங்கிறதுக்காக அவங்களே இப்போ இதை விடாம வச்சிருக்காங்க. ரயிலும் விமானமும் வந்து சேர்ற திமாபூருக்கு மட்டும் முன்னாடி விலக்கு இருந்துச்சு, 2019 டிசம்பர்ல இருந்து அதுவும் உள்ள வந்துருச்சு, அதனால பழைய பயணக் கட்டுரைல "திமாபூருக்கு பெர்மிட் வேணாம்"னு இருந்தா அதை நம்பிறாதீங்க.

நாகாலாந்து அரசோட ஆன்லைன் ஐஎல்பி தளத்துலயே எடுத்துடலாம், ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை, போட்டோ, எங்க தங்குறீங்க, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும். கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி பண்ணிடுங்க. தேதி போடும்போது முன்னாடி ஒரு நாள், பின்னாடி ரெண்டு நாள் சேர்த்தே போடுங்க, மழைல ரோடு அடைச்சா மேலயே ஒரு நாள் மாட்டிக்க வாய்ப்பு உண்டு. பிரிண்ட் ரெண்டு காப்பி, போன்ல ஒரு காப்பி. ஒவ்வொருத்தருக்கும் பெர்மிட் வேணும்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா பாஸ்போர்ட்ல வர்ற தமிழ் சொந்தங்களுக்கு கதையே வேற. நடுவுல சில வருஷம் தளர்த்தி வச்சிருந்த பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி முறையை 2024 டிசம்பர்ல நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மூணுக்கும் திரும்ப கொண்டு வந்துட்டாங்க. உங்களுக்கு ஐஎல்பி இல்ல, அந்த அனுமதிதான் வேணும், அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்க.

இன்னொன்னு, மணிப்பூர் பக்கத்துல இருந்தும் மாவோ வழியா பாதை இருக்கு. 2023 மே மாசத்துல இருந்து மணிப்பூர்ல நடக்குற பிரச்சனை எல்லாருக்கும் தெரியும். நாகாலாந்து பக்கமாவே ஏறி நாகாலாந்து பக்கமாவே இறங்குங்க. பள்ளத்தாக்கு யாருக்குங்கிறதுல ரெண்டு பக்க ஊருக்கும் நடுவுல பழைய தகராறு ஒன்னும் ஓடிக்கிட்டு இருக்கு, விருந்தாளியா போற நாம அந்த பேச்சுல தலையை கொடுக்க வேணாம்.

திமாபூர் வரைக்கும், அங்க இருந்து கோஹிமா

ரயில்ல போகணும்னு ஆசை இருந்தா நமக்குன்னே ஒரு வண்டி இருக்கு, கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ். இந்தியாவுலயே ரொம்ப தூரம் ஓடுற ரயில், 4,000 கிலோமீட்டருக்கு மேல. நாகர்கோவில், திருவனந்தபுரம், எர்ணாகுளம் சுத்தி கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், காட்பாடி வழியா வந்து ஆந்திரா, ஒடிசா, வங்காளம், அசாம் தாண்டி திமாபூர்லயே நிக்கும். கோயம்புத்தூர்ல ஏறினா ரெண்டரை நாள் கிட்ட ஆகும். போகும்போது ரயில், வரும்போது விமானம்னு போட்டா நல்லா இருக்கும், ஏன்னா வரும்போது உடம்பு வலிக்கும். லேட்டாகுற வண்டி இது, அதனால வந்து சேர்ற நாளன்னைக்கே கோஹிமா ரூம் புக் பண்ணி பதற வேணாம், ஒரு நாள் இடைவெளி விடுங்க.

விமானம்னா கொல்கத்தா வழியா திமாபூர், இல்லைன்னா கவுகாத்தில இறங்கி ரயில்ல திமாபூர். கவுகாத்தி – ஜோர்ஹாட் ஜன சதாப்தி திமாபூர்ல நிக்கும், பகல் பயணமா நல்லா இருக்கும்.

திமாபூர்ல இருந்து கோஹிமா 70 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல. ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியவே ஷேர் டாக்ஸி, சுமோ எல்லாம் ஆள் சேர்த்து ஓட்டுவாங்க. ரெண்டரை மணி நேரம்னு வச்சுக்கோங்க, மழைக்காலத்துல அதோட ரெண்டு மடங்கு கூட ஆகலாம், ஏன்னா அந்த ரோட்டுல மண்சரிவு அடிக்கடி. 2023 ஜூலைல மேல இருந்து பாறை உருண்டு நின்னுக்கிட்டு இருந்த கார் மேலயே விழுந்துச்சு. மழை வலுவா பெய்யுற அன்னைக்கு காலைல கிளம்புங்க, சாயந்திரத்துக்கு மேல அந்த ரோட்டுல வேணாம்.

கோஹிமால ஒரு முழு நாள், ஆனா ஞாயித்துக்கிழமை வேணாம்

நாகாலாந்துல ஞாயித்துக்கிழமைன்னா ஊரே சர்ச்சுல. கடை மூடி, ஷேர் வண்டி ரொம்ப கம்மி, சாப்பாட்டுக்கடை தேடணும். அது அவங்களுக்கு புனிதமான நாள், நாமதான் அதுக்கு ஏத்த மாதிரி பிளான் போடணும். ஞாயிறு அன்னைக்கு நீங்க மேல பள்ளத்தாக்குல இருக்குற மாதிரி போட்டா பிரச்சனையே இல்ல. அதாவது வெள்ளி கோஹிமா, சனி ஏறுறது, ஞாயிறு மேல, திங்கள் இறங்குறது. வார நாள்ல போறவங்களுக்கு கூட்டம் இன்னும் கம்மியா இருக்கும், அவங்க புதன் ஏறி வெள்ளி இறங்கலாம்.

கோஹிமா நாள்ல செய்ய வேண்டிய வேலை மூணு. ஒன்னு, மறுநாள் காலைக்கு வண்டி பேசி வைக்கிறது. ஷேர் வண்டி, நாம ஏறப்போற பக்கத்துல இருக்கிற விஸ்வேமா ஊர் வரைக்கும்தான் போகும், ஊர்ல இருந்து நடை ஆரம்பிக்கிற இடம் வரைக்கும் கரடுமுரடான மண் ரோடு சுமார் 8 கிலோமீட்டர் இருக்கு, அதுக்கு ஜீப் மாதிரி வண்டிதான் ஏறும். நாலு பேர் இருந்தா கோஹிமால இருந்தே நேரா அந்த இடம் வரைக்கும் வண்டி பேசிடுங்க, மிச்சமாகுற மூணு மணி நேரத்துக்கு அந்த காசு தாராளமா தகும். ரெண்டாவது, ஏடிஎம்ல பணம் எடுக்குறது. மேல நுழைவுக் கட்டணம், படுக்கை, போர்வை வாடகை, சாப்பாடு எல்லாமே கைல காசு, சில்லறையா வச்சுக்கோங்க, மேல நெட்வொர்க்கை நம்பி ஸ்கேன் பண்ணலாம்னு போயிறாதீங்க.

மூணாவது, போர் நினைவுக் கல்லறை. இரண்டாம் உலகப் போர்ல, 1944 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும், ஜப்பான் படை இந்தியாவுக்குள்ள மேற்கொண்டு முன்னேறாம பிரிட்டிஷ் இந்தியப் படை இங்கதான் தடுத்தாங்க, டெபுடி கமிஷனர் பங்களாவோட டென்னிஸ் கோர்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு சண்டை போட்டிருக்காங்க. அந்த கோர்ட்டோட கோடு இன்னமும் கல்லறைக்கு நடுவுல காட்டி வச்சிருக்காங்க. 1,400க்கும் மேல கல்லறை, அதுக்கு மேல எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர்கள் 900க்கும் மேல பேரோட தனி நினைவிடம். அந்த பேரெல்லாம் ஒரு தடவை நின்னு படிச்சுட்டு வாங்க.

சாப்பாடு பத்தி ஒரு வரி. பன்றிக்கறி, மூங்கில் குருத்து, ஆக்ஸோனேன்னு புளிக்க வச்ச சோயா, ராஜா மிளகாய், இதுதான் அங்கத்த ருசி, சாப்பிடுறவங்க கட்டாயம் சாப்பிடுங்க. சைவம்னா சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, கீரை கிடைக்கும், ஆர்டர் பண்ணும்போதே இறைச்சி, உலர்ந்த மீன் எதுவும் சேர்க்க வேணாம்னு தெளிவா சொல்லிடுங்க. இங்கிலீஷ்தான் மாநில ஆட்சி மொழி, அதனால பேச்சுக்கு கஷ்டமே இல்ல. 1989 சட்டப்படி மதுவிலக்கு இருக்குற மாநிலம், ஊர்ல இருந்து பாட்டில் தூக்கிட்டு போகாதீங்க.

உடம்பும் மூட்டையும்

கிளம்புறதுக்கு ஆறு வாரம் முன்னாடி இருந்து வாரம் மூணு நாள் படி ஏறி இறங்குங்க. பழனி, திருக்கழுக்குன்றம்னு பக்கத்துல எந்த மலைக்கோயில் இருக்கோ அது, இல்லைன்னா அபார்ட்மெண்ட் மாடிப்படி. முதுகுல அஞ்சு கிலோ பையோட. இறங்குறதையும் பழகுங்க, முழங்கால் பழிவாங்குறது இறங்கும்போதுதான்.

ஷூ அடிப்பகுதி நல்லா பல் உள்ளதா இருக்கணும், புதுசா வாங்கினா ரெண்டு வாரம் போட்டு நடந்து பழக்கிடுங்க. குடை வேணாம், மேட்டுல காத்து பிச்சுடும், பையையும் சேர்த்து மூடுற மழைக்கோட்டுதான் சரி. பைக்குள்ள துணியை எல்லாம் தண்ணி புகாத ஒரு உறைக்குள்ள கட்டிடுங்க, மழைல நனையாம ஒரு செட் டிரெஸ் மிச்சம் இருந்தா ராத்திரி நிம்மதியா தூங்கலாம், அது மட்டும் இல்லைன்னா அந்த குளிர்ல விடிய விடிய உக்காந்திருக்கணும். முழுக்கை சட்டை, முழுக்கால் பேண்ட், ஏன்னா பாதையோரத்து மூங்கில் இலை கையை கீறும். தெர்மல் ஒன்னு, கம்பளி தொப்பி, ரெண்டு ஜோடி கூடுதல் சாக்ஸ். ஜூன்ல கூட ராத்திரி ஜாக்கெட் இல்லாம முடியாது, டிசம்பர்னா உங்க சொந்த ஸ்லீப்பிங் பேக் தூக்கிட்டு போங்க, மேல கிடைக்கிற போர்வை நம்ம ஊர் உடம்புக்கு பத்தாது.

நெத்தில கட்டுற டார்ச், ஆளுக்கு ஒன்னு. பவர் பேங்க். தண்ணி பாட்டில் எவர்சில்வர்ல, ஏன்னா ஒருமுறை பயன்படுத்தி தூக்கி போடுற பிளாஸ்டிக்குக்கு பள்ளத்தாக்குல தடை இருக்கு. சொந்தமா ஒரு தட்டு, டம்ளர். வழக்கமா போடுற மாத்திரை, ஓஆர்எஸ், கால் கொப்புளத்துக்கு பிளாஸ்திரி. குப்பை கொண்டு வர்றதுக்கு ஒரு துணிப்பை. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வறுத்த கடலை, இதெல்லாம் ஊர்ல இருந்தே கட்டிக்கிட்டு போங்க, மழைல நின்னுக்கிட்டு சாப்பிட இதை விட நல்லது வேற இல்ல.

ஏறுற நாள்

ரெண்டு பாதை இருக்கு, விஸ்வேமா, ஜக்காமா. ரெண்டு ஊருமே கோஹிமா – இம்பால் ரோட்டுல, கோஹிமால இருந்து போனா கிசாமா தாண்டி முதல்ல ஜக்காமா, அப்புறம் விஸ்வேமா. ஜக்காமா பாதை முழுக்க காட்டுக்குள்ள செங்குத்து, மூச்சு வாங்கிடும், மழைல கல்லு வழுக்கும். விஸ்வேமால ஜீப் பாதி வேலையை முடிச்சிடும். அதனால ஏறுறது விஸ்வேமா, இறங்குறது வேணும்னா ஜக்காமா. மழை நாள்னா இறங்குறதும் விஸ்வேமாவே.

காலைல ஆறு, ஆறரைக்கு கோஹிமால கிளம்பிடுங்க. எட்டரை, ஒன்பதுக்குள்ள ஜீப் நிக்கிற இடத்துக்கு வந்துடலாம். பேரு பதிஞ்சு, கட்டணம் கட்டிட்டு நடை ஆரம்பம். முதல் முக்கால் மணில இருந்து ஒரு மணி நேரம் மட்டும்தான் கஷ்டம், மரத்துக்கு நடுவுல கல்லுப்படி நேரா மேல போகும், அடுத்த திருப்பத்துல முடிஞ்சிடும்னு தோணிக்கிட்டே இருக்கும், முடியாது. வேகமா ஏறாதீங்க, பேசிக்கிட்டே ஏறுற வேகம் போதும், பேச முடியலைன்னா நில்லுங்க. மேட்டு உச்சிக்கு வந்ததும் காத்து முகத்துல அடிக்கும், மரம் எல்லாம் சட்டுன்னு காணாம போய் ரெண்டு பக்கமும் மூங்கில்மேடு மட்டும். அங்க இருந்து கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம் மலையோட இடுப்புல சமமா போற ஒத்தையடிப் பாதை. அந்த ரெண்டு மணி நேரத்தை அவசரப்பட்டு தீர்த்துடாதீங்க. பள்ளத்தாக்கு ஒரேயடியா கண்ணுல படாது, ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமா மடிப்பு மடிப்பா திறக்கும். ஒன்பதுக்கு ஆரம்பிச்சா மதியம் ஒரு மணிக்குள்ள தங்குற இடம், கைல இன்னும் மூணு மணி நேர வெளிச்சம் மிச்சம்.

நாங்க டிசம்பர்ல என்ன பண்ணோம்னா, ஷேர் வண்டில ஆள் சேரட்டும்னு கோஹிமாலயே பத்தரை வரைக்கும் நின்னோம். விஸ்வேமால ஜீப் கிடைக்கல, அந்த 8 கிலோமீட்டரையும் நடந்தோம். மேட்டு உச்சிக்கு வரும்போது மூணே முக்கால். சமமான பாதைதானே, ரெண்டு மணி நேரம்தானேன்னு நடந்தோம், நாலரைக்கு சூரியன் போச்சு, அஞ்சுக்கு பாதையே தெரியல, போன் வெளிச்சம், அதுவும் குளிர்ல பேட்டரி மளமளன்னு இறங்குது. ஒரு பக்கம் சரிவு. பாதைல தேங்கியிருந்த தண்ணி உறைஞ்சு ஐஸ் ஆகியிருக்கு, கூட வந்த பொண்ணு ரெண்டு தடவை வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிருச்சு. தங்குற இடத்து விளக்கு கண்ணுல பட்ட நிமிஷம் இன்னும் மறக்கல. அதுக்கு அப்புறம்தான் ஒரு கணக்கு வச்சேன், அதையே நீங்களும் வச்சுக்கோங்க: டிசம்பர், ஜனவரில காலை 11 மணிக்குள்ள ஜீப் நிக்கிற இடத்துல இருந்து நடக்க ஆரம்பிக்கலைன்னா அன்னைக்கு ஏறாதீங்க. ஊர்லயே தங்கிட்டு மறுநாள் ஏறுங்க. ஜூன்ல அதையே ஒரு மணி வரைக்கும் நீட்டலாம்.

மேல தங்குறது

பள்ளத்தாக்கை பார்த்த மாதிரி மேட்டுல ஓய்வு விடுதி. பெரிய ஹால், எல்லாரும் வரிசையா தரைல படுக்குற மாதிரி, அதோட கொஞ்சம் தனி ரூம். மெத்தை, போர்வை, தலைகாணி எல்லாம் வாடகைக்கு. சமையல்கட்டுல சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, முட்டை, நூடுல்ஸ், டீ. எல்லாத்தையும் கீழ இருந்து முதுகுல சுமந்துதான் கொண்டு வர்றாங்க, அரிசி மூட்டையோட அந்த கல்லுப்படி ஏறுற ஆளை வழில பார்ப்பீங்க, அதுக்கு அப்புறம் டீ விலையை பத்தி பேச மனசு வராது. வந்த உடனே ராத்திரி சாப்பாட்டுக்கு எத்தனை பேர்னு சொல்லிடுங்க, சீக்கிரமே சமைச்சு சீக்கிரமே முடிச்சிடுவாங்க. சொந்த டென்ட் இருந்தா போடலாம், அவங்க காட்டுற இடத்துல.

வந்த மதியமே கீழ பள்ளத்தாக்குக்கு ஓடணும்னு தோணும். வேணாம். துணி மாத்துங்க, சாப்பிடுங்க, மேட்டுல உக்காந்து வெளிச்சம் மாறுறதை பாருங்க. மேகத்தோட நிழல் மூங்கில்மேடு மேல ஊர்ந்து போறதை அங்க இருந்து பார்க்குற மாதிரி கீழ இருந்து பார்க்க முடியாது.

முழு நாள் உள்ள

ரெண்டாவது நாள்தான் நிஜமான நாள். ஜூன்னா அஞ்சு மணிக்கு, டிசம்பர்னா ஆறு மணிக்கு வெளிய வந்து நில்லுங்க. டீ குடிச்சிட்டு, மதிய சாப்பாட்டை கட்டி வாங்கிக்கிட்டு இறங்குங்க. விடுதில இருந்து பள்ளத்தாக்கு தரைக்கு முக்கால் மணி நேரம், திரும்ப ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல. கீழ ஓடை வளைஞ்சு வளைஞ்சு போகும், ஒரு மேட்டுல பெரிய வெள்ளை சிலுவை, பாறைக்கு அடியில குகை மாதிரி ஒதுங்குற இடம். இந்தப் பக்கத்து அங்காமி நாகா மக்களோட மொழில "ஜூ"ன்னா தண்ணி, "ஜூக்கோ"ன்னா குளிர்ந்த தண்ணின்னு அர்த்தம் சொல்றாங்க, ஓடைல கையை வச்சா ஏன்னு புரியும்.

பாதையை விட்டு இறங்காதீங்க. ரெண்டு காரணம். ஈரமான புல்தரைல கால் வச்சா உள்ள சேறு, கணுக்கால் வரைக்கும் போகும், அதோட லில்லி செடி பூ இல்லாதப்ப புல்லு மாதிரிதான் இருக்கும், தெரியாமலே மிதிச்சிடுவோம். இன்னொன்னு மூங்கிலுக்குள்ள பத்தடி போனா திசை தெரியாது, எல்லா பக்கமும் ஒரே மாதிரி, மேகமும் சேர்ந்துச்சுன்னா அவ்வளவுதான். மேகம் இறங்க ஆரம்பிச்சா இருக்குற இடத்துலயே பாதை மேல நில்லுங்க, எல்லாரும் ஒன்னா. லில்லியை பறிக்காதீங்க, கிழங்கை தோண்டி ஊருக்கு கொண்டு வர்ற ஆசை சுத்தமா வேணாம்.

எதுவும் செய்யாம ஒரு மணி நேரம் ஓடை ஓரம் உக்காருங்க. நான் ஜூன்ல அப்படி உக்காந்திருக்கும்போது காத்து வந்தா மூங்கில் பூரா ஒரு சத்தம் எழும்பி, ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு ஓடி, அடங்கும். வயல்ல நெல்லு கதிர் முத்தினதும் காத்துல ஒரு சத்தம் வருமே, அதையே இன்னும் மெல்லிசா.

நெருப்பு

2020 டிசம்பர் 29 வாக்குல ஜூக்கோல தீ பிடிச்சுது. காஞ்ச மூங்கில், மேட்டுல அடிக்கிற காத்து, ரெண்டும் சேர்ந்து ரெண்டு வாரம் கிட்ட எரிஞ்சுது. விமானப்படை எம்ஐ-17 ஹெலிகாப்டர்ல பெரிய பை கட்டி தண்ணி மொண்டு ஊத்தினாங்க, தேசிய பேரிடர் மீட்புப் படை வந்துச்சு, ஊர்ப் பசங்க மூங்கிலை வெட்டி தீ தாண்டாம இடைவெளி போட்டாங்க. நான் அதுக்கு அப்புறம்தான் போனேன், பச்சைக்கு நடுவுல கருகின தண்டு அங்கங்க நின்னுக்கிட்டு இருந்துச்சு.

அதனால குளிர்காலத்துல போறவங்க, குளிருதுன்னு டென்ட்டுக்கு வெளிய தீ மூட்டவே மூட்டாதீங்க. விடுதி ஆளுங்க எங்க அனுமதிக்கிறாங்களோ அங்க மட்டும், அவங்க முன்னாடி மட்டும். சிகரெட் பிடிக்கிறவங்க பள்ளத்தாக்குக்குள்ள எடுத்துட்டே போகாதீங்க. யாராவது மூட்டுறதை பார்த்தா நமக்கென்னன்னு இருக்காம விடுதில போய் சொல்லுங்க. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கோஹிமால தங்கப்போற இடத்துக்கு போன் போட்டு பாதை திறந்திருக்கான்னு கேட்டுக்கோங்க, தீ, மண்சரிவு எதுனாலும் மூடி வச்சிருக்கலாம்.

இறங்குற நாள்

காலைல ஏழு மணிக்குள்ள சாப்பிட்டு கிளம்புங்க. போர்வையை மடிச்சு திருப்பி கொடுத்துட்டு, கணக்கை முடிச்சுட்டு, உங்க குப்பை எல்லாம் அந்த துணிப்பைக்குள்ள இருக்கான்னு பாருங்க, மேல குப்பை அள்ள ஆள் கிடையாது, யாரோ ஒருத்தர் முதுகுல சுமந்துதான் அதுவும் இறங்கணும். ஜக்காமா வழின்னா இறக்கம் முழுக்க செங்குத்து, ஒரு கம்பு ஊன்றிக்கோங்க, ஷூ லேசை இறுக்கி கட்டுங்க, இல்லைன்னா கால் முன்னாடி தள்ளி பெருவிரல் நகம் கறுத்துரும். மதியத்துக்குள்ள ரோட்டுக்கு வந்துட்டீங்கன்னா இம்பால் பக்கம் இருந்து வர்ற ஷேர் வண்டி எதுலயாவது கோஹிமாவுக்கு இடம் கிடைக்கும், சாயந்திரம் ஆக ஆக வண்டி குறைஞ்சுடும், அதனால இங்கயும் அதே வெளிச்சக் கணக்குதான். ஏறும்போதே விஸ்வேமா ஜீப்காரர் போன் நம்பரை வாங்கி வச்சுக்கோங்க, மழை வந்து அந்தப் பக்கமே இறங்கும்படி ஆச்சுன்னா மேட்டுல சிக்னல் எங்க கிடைக்குதோ அங்க இருந்தே கூப்பிட்டுடலாம்.

அன்னைக்கே திமாபூருக்கு போய் ராத்திரி ரயிலை பிடிக்கிற மாதிரி டிக்கெட் போட்டுடாதீங்க. கோஹிமால ஒரு ராத்திரி. மறுநாள் காலு ஒத்துழைச்சா 20 கிலோமீட்டர்ல கோனோமா கிராமம் இருக்கு. தலைமுறை தலைமுறையா வேட்டையாடின ஊர், 1998ல அவங்களே கூடி வேட்டையை நிறுத்தி சுத்தி இருக்குற காட்டை டிராகோபன் பறவைக்காக சரணாலயமா ஆக்கிட்டாங்க, அடுக்கடுக்கா நெல்வயல், கல்லு பாவின தெரு. அங்க நடக்குறதுக்கு ஏத்தம் ரொம்ப இல்ல, ஜக்காமா இறக்கத்துக்கு அப்புறம் முழங்காலுக்கு அதுதான் நல்லது.